சர்ஃபிங் பள்ளி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வெப்பமண்டலக் கடற்கரைகளில், போர்டு என்னும் பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங்குக்குப் பள்ளியும் விடுதியும் நடத்துகிறவர்களுக்கு,

உங்கள் விளம்பரப் படங்களில் போர்டைவிட எடுப்பாகத் தெரிவது கற்றுத்தரும் உள்ளூர்ப் பையனின் வெற்று மார்புதான். இது பழைய வியாபாரம். நூறாண்டுக்கு முன்பே வைக்கீக்கிக் கடற்கரையில் அலையேறக் கற்றுத்தந்த ஹவாய் ஆண்களுக்கு 'பீச் பாய்' என்று பெயர். தலை நரைத்தாலும் பையன்தான். அமெரிக்கரான ராபர்ட் கோக் 1936இல் விடுதி திறந்து சர்ஃபிங்கை அறிமுகம் செய்த இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள குட்டாவில், பிற்காலத்து இளைஞர்களுக்கு 'கவ்பாய்' பட்டம் கிடைத்தது.

படத்தில் விற்ற வீரத்தைத் தண்ணீரிலும் காட்டவேண்டியிருக்கிறது என்பதுதான் கடலில் கற்றுத்தரும் எங்கள் கவலை. டிப்ஸை நம்பிப் பிழைக்கிறவனால் "இன்றைக்கு உள்ளே போகவேண்டாம்" என்று விருந்தினரிடம் சொல்ல முடிவதில்லை. பயந்தவன் என்று பெயராகிவிடும். அந்த முடிவை நீங்களே எடுங்கள், பணம் வாங்குவதற்கு முன்பே.

கற்றுத்தரும் ஒருவரிடம் எட்டுப் பேருக்கு மேல் விடாதீர்கள். அலை இடுப்புக்கு மேல் எழுந்தால் நான்கு பேர் போதும். புதியவர்களுக்கு எட்டு, ஒன்பது அடி மென்போர்டு (மென்மையான நுரைப் போர்டு). காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறு, போர்டின் நீளத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் விழுந்தவர் முகத்துக்கே போர்டு திரும்பி வரும். லீஷைப் போர்டோடு கட்டும் சிறு கயிறு நைந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். தண்ணீருக்குள் நடந்து போகும்போதும் அடிபடுவதுண்டு: போர்டைக் குறுக்கே பிடித்து அலைக்கு எதிரே நின்றால், அலை அதை நெஞ்சில் அறையும். உடம்புக்குப் பக்கவாட்டில், போர்டின் மூக்கு கடலைப் பார்க்கப் பிடிக்கவேண்டும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, மேலே வருகையில் கைகளால் தலையை மூடவேண்டும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பெரும்பாலும் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் இழுவை நீரோட்டம். புதியவர்கள் ஆசையாகப் போவதும் அங்கேதான்.

சட்டை போட்டால் ஆண்மை குறையும் என்ற எண்ணத்தை வளர்த்ததில் உங்கள் புகைப்படக்காரருக்கும் பங்குண்டு. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் சீருடையாகட்டும். வருடக்கணக்கான வெயிலில் கண்ணின் வெண்விழியில் சதை வளர்ந்து கருவிழிமேல் படர்கிறது. பவளப்பாறைக் கீறலைச் சிரித்து மறைக்கவிடாதீர்கள். சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு கழுவி, துகளை இடுக்கியால் எடுக்கச் சொல்லுங்கள்.

இரவு விருந்தினரோடு குடிக்கப் போவதும் வேலை என்றால் ஒப்பந்தத்தில் எழுதுங்கள், இல்லையென்றால் எதிர்பார்க்காதீர்கள்.

வைக்கீக்கிக் கடலில் வளர்ந்த நீச்சல், சர்ஃபிங் வீரர் டியூக் கஹானமோக்கு, 1925இல் கலிபோர்னியாவில் படகு கவிழ்ந்தபோது தன் போர்டிலேயே எட்டுப் பேரைக் கரைசேர்த்தார். உயிர்காப்புப் பயிற்சிக்கான கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள். பயிற்சி நாட்களுக்கும், அலையில்லாத நாட்களுக்கும் சம்பளம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடலில் கற்றுத்தருகிறவர்கள்