வரைபடத்தில் மட்டும் ஒரு பூங்கா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் இதழில் வரும் மனை விளம்பரங்களை ஒன்றுவிடாமல் படிக்கிற ஆள் நான். பஸ் ஸ்டாண்டு 5 நிமிடம், ரயிலடி 10 நிமிடம், நல்ல தண்ணீர். எல்லாம் சரி, குடிவந்தவர்கள் எங்கே நின்று பேசிக்கொள்வார்கள் என்று எந்த விளம்பரத்திலும் இருப்பதில்லை.

கமலாலயக் குளக்கரையை ஒட்டிய வாடகை வீட்டில் வளர்ந்தவன், இப்போது திருவாரூருக்கு வெளியே, சம்பா விளைந்த வயலில் போட்ட ஒரு 'நகரில்' சொந்த வீட்டில் இருக்கிறேன். வடிகால் வாய்க்காலைத் தூர்த்துவிட்டதால் ஐப்பசி அடைமழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். அது தனிக்கதை.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் பத்து நாள் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டரை வேனில் ஏற்றி, வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் நிறுத்தி மோட்டார் போட்டோம். ஒரு தொட்டி நிரம்ப அரைமணி ஆகும். எதிர்வீட்டு சார் என் அம்மா பிறந்த ஊர்க்காரர் என்பது, குடிவந்து ஆறு வருஷம் கழித்து, அந்த அரைமணியில்தான் தெரிந்தது. சாயங்காலமானால் பத்துப் பேராவது முனையில் இருந்த மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்போம். ஒரு வீட்டம்மா சொம்பில் சுக்குக் காப்பி கொண்டுவருவார். பதினோராம் நாள் கரண்ட் வந்தது. அவரவர் கேட்டைச் சாத்திக்கொண்டோம். அப்புறம் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கட்டையை இடித்துவிட்டுக் குழாய் பதித்தார்கள்.

பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் நகரிலும் விட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் அது பச்சைக் கட்டம். நேரில் பார்த்தால் சீமைக்கருவேல், உடைந்த டைல்ஸ், பன்றிகள்.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று பெருமை பேசுகிற ஊர் இது. வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. கோயிலுக்கு எவ்வளவோ அவ்வளவு தண்ணீருக்கும் விட்டவர்கள், குளத்தைச் சுற்றி உட்காரப் படியும் கட்டினார்கள். அந்தப் படியில் எல்லாச் சாதிக்காரரும் அன்றைக்கு உட்கார முடிந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பழசை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

எங்களுக்கு நீரூற்றும் வேண்டாம், செயற்கைப் புல்லும் வேண்டாம். கருவையை வேரோடு எடுத்து, நாலு புங்கமரம் வைத்து, மதகுக் கட்டை உயரத்துக்கு இரண்டு சிமெண்ட் திட்டு கட்டினால் போதும். பேரூராட்சி, ஊராட்சி என்று இல்லாமல் டெல்டாவில் இப்படிக் கிடக்கும் ஒதுக்கீட்டு இடங்களை எல்லாம் உங்கள் நிருபர்கள் ஒரு சுற்றுப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

எங்கள் நகருக்கான மனுவை எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்து வாங்கத்தான் நாள் பிடிக்கிறது. எல்லோரையும் ஓரிடத்தில் பார்க்க முடியாததால், கேட் கேட்டாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவாரூர்.