அடுத்த ஏப்ரல்

அன்புள்ள வனி,

உன் குரல் செய்திகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது ஒரே பதில். பேசி அனுப்ப முடியாது, அம்மா பக்கத்து அறையில் இருக்கிறார். அவர் காதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம். எல்லாரும் நலம். அப்பா முழங்காலுக்குத் தைலம் மாற்றியாயிற்று, வலி மாறவில்லை. தம்பி தேசிய சேவை முடிந்து வந்து ஐஸ்பெட்டியைக் காலி செய்துகொண்டிருக்கிறான். பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதா? சரி, நலம் விசாரிப்பு முடிந்தது.

போன வாரம் என் முனைவர் பட்ட ஆய்வுக் குழு கூடியது. ஆகஸ்டோடு உதவித்தொகை நிற்கிறது. “கையில் இருப்பதை வைத்து எழுதி முடி, கடைசி அத்தியாயத்தை விட்டுவிடு” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை வனி. அடுத்த ஏப்ரல் வரை இருக்கப் போகிறேன், சம்பளம் இல்லாமல்.

திட்டுவதற்கு முன்னால் மிச்சத்தையும் படி.

நான் பவளத்துக்குப் பிரசவம் பார்க்கிறேன் என்று மாறன் ஊரெல்லாம் சொன்னதுதான் உனக்கும் தெரியும். அவன் சொன்னது ரொம்பத் தப்பும் இல்லை. நம் சிங்கப்பூர்க் கடலில் பெரும்பாலான பவளங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் முட்டை விடும். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, பௌர்ணமி கழிந்த மூன்றாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவுக்குள். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். நான்கு வருட உதவித்தொகை என்றால் நான்கு ஏப்ரல். பழ ஈயை வைத்து ஆராய்கிறவளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும். அவளுக்கும் நான்கு வருடம், எனக்கும் நான்கு வருடம். இதை எந்தப் படிவத்தில் எழுதிக் கேட்பது?

அம்மாவுக்கு மட்டும் இது உடனே புரிந்துவிட்டது. ஈசூன் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் என்றைக்கு என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார், நான் அதிலிருந்து நாள் எண்ணுவேன். சித்திரா பௌர்ணமிக்கும் அப்படியே. என் மேற்பார்வையாளர் இதற்காக ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார். இரண்டும் அநேகமாக ஒரே தேதியைத்தான் காட்டும்.

அந்த இரவை உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. மதியமே மரினா சவுத் துறையிலிருந்து படகேறி செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போய்விடுவோம். தாத்தா ரஜூலா கப்பலில் வந்து இறங்கியதும் தொற்றுநோய்க்குப் பயந்து அடைத்து வைத்தார்களே, அதே தீவு. இப்போது அங்கே தேசியக் கடல்சார் ஆய்வுக்கூடமும் பூனைகளும்தான். இருட்டியதும் இறங்குவோம். நம் கடல் உனக்குத் தெரியும், இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, எல்லாம் வண்டல். வெளிச்சம் கீழே போகாததால் பவளமும் மேலாகத்தான் வளரும். சிவப்பு விளக்கோடு ஒரு பிளாட்டிகைராவின் முன்னால் காத்துக் கிடக்க வேண்டும். மூளை மடிப்பு மாதிரி இருக்குமே, அந்த வகை. எட்டு மணி, எட்டரை. சரக்குக் கப்பல் ஒன்று போகும்போது நெஞ்செலும்புக்குள் அதன் சத்தம் கேட்கும். திடீரென்று ஒவ்வொரு வாயிலும் ஒரு இளஞ்சிவப்பு உருண்டை வந்து உட்காரும். கடுகளவுதான் இருக்கும், முட்டையும் விந்தும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். செட்டிங் என்போம். பவளம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, அப்படியே விடாமல் வைத்திருக்கும். பிறகு ஒரு ஓரத்தில் ஒன்று கழன்று மேலே போகும், பின்னாலேயே எல்லாம். என் முகமூடிக் கண்ணாடியில் மோதி மோதிப் போகும். முதல் தடவை பார்த்தபோது காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டே கத்தினேன், கூட வந்த சீனப் பையன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மேலே இழுத்துப் போகப் பார்த்தான்.

இந்தக் கூட்டு முட்டையிடலை உலகத்துக்குச் சொன்னவர்களும் மாணவர்கள்தான் தெரியுமா? உன் நாட்டுக்காரர்கள். 1980களின் தொடக்கத்தில் டவுன்ஸ்வில்லில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பீட்டர் ஹாரிசனும் சகாக்களும். 1984இல் சயன்ஸ் இதழில் வந்தது. பவளம் குஞ்சாக்கித்தான் வெளியே விடும் என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ராத்திரி கடலில் இறங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சிங்கப்பூரில் இதைப் பார்த்துப் பதிந்தது 2002இல்தான்.

சரி, கடைசி அத்தியாயம். 2024இல் கடல் சூடேறிப் பவளமெல்லாம் வெளுத்ததே, ஜூலையில் இங்கே பாதிக்குச் சற்றுக் குறையப் பவளங்கள் வெள்ளையாக நின்றன. அதற்கு முந்தின மாதம்தான் பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் மோதி 400 டன் எண்ணெய் கொட்டியது. அந்த ஜூனும் ஜூலையும் எனக்கு எப்படிப் போயின என்று இப்போது எழுத வேண்டாம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஒரே இனத்தில் ஒன்று வெளுத்தது, ஒன்று வெளுக்கவே இல்லை. வெளுக்காததன் பிள்ளைகளும் சூட்டைத் தாங்குமா? இதுதான் என் கேள்வி, வேறொன்றும் இல்லை.

இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். தேசியப் பூங்காக் கழகம் குறைந்தது பத்து வருடத்தில் ஒரு லட்சம் பவளம் நடப்போவதாக அறிவித்து 2024 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. நல்ல காரியம், நானும் போய் நட்டேன். இப்படி நடுவது பெரும்பாலும் உடைந்த துண்டுகளை வளர்த்துத்தான். முருங்கைக் கொம்பை ஒடித்து நடுகிற மாதிரி. வரும், ஆனால் அதே மரம்தான் வரும். புதுக் கலப்பு வேண்டுமென்றால் முட்டை வேண்டும், முட்டைக்கு எந்தத் தாய் தகப்பன் என்று தெரிய வேண்டும். நில மீட்பில் ஏற்கெனவே பாதிக்கும் மேற்பட்ட பவளப் பாறைகளைப் புதைத்துவிட்டோம். அதற்குப் பிறகும் சுமார் 250 வகைக் கல்பவளம் இங்கே இருக்கிறது. இதைச் சொன்னால் நம் வகுப்புக் குழுவில் “சிங்கப்பூரிலா?” என்று கேட்டுவிட்டு மாலத்தீவுப் படம் போடுகிறார்கள்.

2025இல் முட்டையே சரியாக இல்லை. வெளுத்துத் தேறிய பவளத்துக்கு உடம்பில் வலு இருக்காது, முதலில் விட்டுக்கொடுப்பது பிள்ளை பெறுவதைத்தான். இந்த வருடம் உளியால் சின்னதாகப் பெயர்த்துப் பார்த்தபோது உள்ளே நல்ல இளஞ்சிவப்பு, முதிர்ந்த முட்டை. துள்ளினேன். ஆனால் பௌர்ணமி மாத ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அப்படி வந்தால் பவளம் இரண்டாகப் பிரிந்துகொள்ளும், சில இந்த நிலாவுக்கு, சில அடுத்ததற்கு. எனக்கு வேண்டிய தாய்களில் பாதி பங்குனி உத்திரத்துக்குப் பிறகு விட்டது, பாதி சித்திரா பௌர்ணமிக்குப் பிறகு. தன் முட்டையில் தன் விந்து அநேகமாக ஒட்டாது, ஜோடி வேண்டும். ஜோடி ஒரு மாதம் கழித்து வந்தது. தொட்டி நிறைய முட்டை, ஒன்றும் கருவாகிப் பிளக்கவில்லை. விடிவதற்குள் அழுகித் தண்ணீர் கலங்கிவிட்டது, அந்த நாற்றம் இன்னும் என் பையில் இருக்கிறது.

குழு சொல்வதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். மூன்று அத்தியாயம் பட்டத்துக்குப் போதும். வேலைச் சந்தை மோசம். அடுத்த ஏப்ரலிலும் மழை, மின்னல், வேறொரு வெப்ப அலை எதுவும் வரலாம். இதையெல்லாம் அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒருவர் மட்டும், “இந்தக் கேள்வியை உனக்குப் பிறகு வருகிற மாணவர் பார்த்துக்கொள்ளட்டுமே” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. ரோஷம் என்று நினைக்காதே. கொஞ்சம் ரோஷம்தான். உமறுப்புலவர் நிலையத்தில் வெண்பா வகுப்பில் நீ என்னைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

பணத்துக்கு வழி பார்த்துவிட்டேன். உட்லண்ட்ஸில் இரண்டு வீட்டில் உயர்நிலை நான்கு உயிரியல் துணைப்பாடம், மூன்றாவது வீட்டை சரஸ் அக்கா பிடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். கல்யாணப் பேச்சும் இதோடு ஒரு வருடம் தள்ளிப் போகும், அது ஒரு லாபம். மாணவர் பதிவு இன்னும் ஒரு வருடம் செல்லும்.

நீ செய்ய வேண்டியது இரண்டு. அம்மா உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார். ஆகஸ்டில் முடியும் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதே, நானே பக்குவமாகச் சொல்கிறேன். அப்புறம் பெர்த்தில் பழைய முக்குளிப்பு உடை மலிவு என்கிறார்கள், மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் கிடைத்தால் டிசம்பரில் எடுத்து வா. அளவு, சரஸ் அக்கா கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைதான். அதற்கு மேல் ஒரு சுற்று கூட்டிக்கொள், சிரிக்காதே.

உன்
கயல்