காலையில் மட்டும் இழுக்காத வண்டி

அன்பு மகளுக்கு,

காலைக் குளிரில் கிளம்பியதும் உன் டீசல் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, சின்ன மேடு வந்தாலும் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது, கொஞ்ச நேரம் ஓடியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது என்று சொன்னாய். ஒர்க்‌ஷாப்பில் டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்களாம். மாற்றாதே அம்மா. நீ அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது. சூடான இன்ஜினில் இந்தக் கோளாறு தெரியாது. அவர்கள் கழற்றிப் பார்த்தது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை. அதில் யூகம்தான் செய்ய முடியும், யூகத்துக்குச் செலவாவது உன் பணம்.

அதனால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிடு. ராத்திரி முழுக்க நிற்கட்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக் தன் கண்ணால் பார்க்கட்டும். அதற்கு முன்னால் நீயே பார்க்கக்கூடியதும் நிறைய இருக்கிறது.

முதலில் புகை. ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து வண்டி திணறும்போது பின்னால் என்ன வருகிறது என்று யாரையாவது பார்க்கச் சொல். கறுப்பாக வந்தால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ஹோஸ், அதன் கிளாம்ப், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (எரிந்த புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது), இதெல்லாம் அந்தப் பக்கத்துச் சமாச்சாரம். கண் எரிகிற மாதிரி வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் மின்சாரத்தில் சூடேறும் க்ளோ பிளக்கோ, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ஏர் ஹீட்டரோ வைத்திருக்கிறார்கள். அவை செத்திருக்கலாம், இல்லை காற்றை அழுத்தும் கம்ப்ரஷனே குறைந்திருக்கலாம். க்ளோ பிளக்கை மீட்டர் வைத்துப் பார்ப்பது சுலபம்: நல்ல பிளக் பொதுவாக ஓரிரு ஓம்தான் காட்டும். செத்ததில் மின்சாரமே போகாது, மீட்டர் கம்பி அறுந்ததுபோல் காட்டும்.

புகையே இல்லாமல் வண்டி சும்மா மந்தமாக இருந்தால் டீசல் போதுமான அளவு வரவில்லை, அல்லது வண்டியின் கம்ப்யூட்டரே அளவைக் குறைக்கிறது. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் இந்தப் பக்கம்தான். டீசல் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினாய் என்று கேட்டதற்கு நீ பதிலே சொல்லவில்லை!

டீசலில் மெழுகு உண்டு. குளிர் ஏறினால் அது துகள் துகளாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். குளிர்காலத்துக்கென்று தயாரிக்காத டீசல் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே மங்கத் தொடங்கிவிடலாம், பயோடீசல் கலப்பு கூடுதலாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஓடஓட, இன்ஜினைச் சுற்றிவந்த சூடான டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்பும். மெழுகு கரையும், வண்டிக்கு உயிர் வரும். பாதி அடைத்த பழைய ஃபில்டர் கோடையில் சமாளிக்கும், குளிரில் சமாளிக்காது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரையும் திறந்து வடித்துவிடு. உறைகிற குளிரில் அந்தத் தண்ணீரே ஐஸாகி வழியை மறிக்கும்.

ஃபில்டர் புதிதாக இருந்தும் இப்படி என்றால் டீசல் லைன் ஏர் இழுக்கிறதா என்று பார். குளிரில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையங்களும் ரப்பர் ஹோஸும் விறைத்துச் சுருங்கும். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சி இழுக்கிற லைனில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஒரு சொட்டும் இருக்காது, பலர் இதைத் தவறவிடுவதும் அதனால்தான். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் சந்தேகம் இன்னும் உறுதி. அந்த லைனில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு துண்டு டியூப் மாட்டினால் குமிழி ஓடுவது தெரிந்துவிடும்.

அப்புறம், வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி எண்களைப் படிக்கும் ஸ்கேனர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), உள்ளே வரும் காற்று, டீசல் அல்லது ஆயில், எத்தனை வெப்ப சென்சார் இருக்கிறதோ எல்லாமே ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பதினைந்து இருபது டிகிரி தள்ளி நின்றால் அது பொய் சொல்கிறது. அதை நம்பித்தான் கம்ப்யூட்டர் டீசலை அளக்கிறது. (ராத்திரி இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் போட்டிருந்தால் கூலன்ட் சூடாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதே.) நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் ஏறாமல் கீழேயே நின்றால் இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் திறந்தபடி சிக்கியிருக்கிறது. சின்ன வேலை, உடனே மாற்றிவிடு.

ஒன்று மறக்காதே: இன்ஜினையும் டர்போவையும் காப்பாற்ற, குளிர்ந்திருக்கும்போது பவரைக் கொஞ்சம் குறைத்தே கொடுக்கும்படி பல வண்டிகளை அமைத்திருக்கிறார்கள். சில வண்டிகள் சீக்கிரம் சூடாவதற்காக எக்சாஸ்ட்டைக் கொஞ்சம் மூடியே வைக்கும். அந்த மூடி திரும்பத் திறக்காமல் மாட்டிக்கொண்டால் இன்ஜின் மூச்சுமுட்டும், உஸ்ஸென்று சத்தமும் வரும். அதனால் போன குளிர்காலத்தில் இதே வண்டி எப்படி இழுத்தது என்று யோசித்துப் பார். அப்போதும் இப்படித்தான் என்றால் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். ஆயிலையும் பார்: உன் குளிருக்குக் கம்பெனி புத்தகம் சொல்லும் தரத்தைவிடக் கெட்டியான ஆயிலாக இருந்தால் காலையில் திணறத்தான் செய்யும். ஆயில் அழுத்தத்தால் இன்ஜெக்டரை இயக்குகிற மாடல்களில் இது இன்னும் மோசம்.

சில விஷயங்களில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள். க்ளோ பிளக்கோ ஹீட்டரோ உள்ள இன்ஜினில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆவதற்கென்று ஈதர் ஸ்ப்ரே அடிக்காதே, உள்ளேயே வெடிக்கும். மெழுகு கரைய பெட்ரோல் கலந்தால் போதும் என்று எவர் சொன்னாலும் கலக்காதே, பம்ப்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழவழப்பில்தான் பிழைக்கின்றன. இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பில் ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. புது வண்டிகளில் அங்கே அழுத்தம் 2000 பாருக்குப் பக்கம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. தோலைத் துளைத்துக்கொண்டு டீசல் உள்ளே போய்விடும். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டுச் சோதிக்கவும் வேண்டாம்.

நாளைக் காலையில் புகையை வீடியோ எடு. ஸ்கேனர் எண்களையும் எழுதி அனுப்பு. ஃபில்டரை மாற்றினால் பழையதில் இருக்கும் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வை. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். அதையும் பார்த்துச் சொல், அப்புறம் இன்ஜெக்டரைப் பற்றிப் பேசுவோம்.

அப்பா