பதினொன்றில் மூன்று போதும்

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். 35 பிள்ளைகள், 4 மணி நேரம், அருங்காட்சியகத்தில் 11 கூடம், அப்புறம் அப்படியே பழைய கோட்டை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளைப் பார்க்கக் கூட்டிப்போகிறாளா, ஓடக் கூட்டிப்போகிறாளா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியாராக இருந்த முதல் பத்து வருஷமும் நான் போட்ட திட்டங்கள் இதைவிட மோசம்.

ஒரு தடவை, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் உடைந்த பானை ஓடு ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். வரிசை கலைகிறதே என்று தோளைப் பிடித்து இழுத்தேன். "சார், இதுல கட்டைவிரல் இருக்கு சார்" என்றான். குனிந்து பார்த்தால், விளிம்புக்குக் கீழே, களிமண் ஈரமாக இருந்தபோது யாரோ அழுத்திய பள்ளம். ஓரத்தில் நகம் பட்ட கீறல், பிறை மாதிரி. இவன் தன் கட்டைவிரலைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்து அளந்துகொண்டிருந்தான். "சரி சரி, நட" என்றேன். அன்றைக்கு அதற்கப்புறம் அவர்களுக்கு எதையெல்லாம் காட்டினேன் என்பது எனக்கே நினைவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், 11 கூடத்தை அடித்துவிட்டு மூன்று பொருள் மட்டும் எடு. அதற்கு முதலில் நீ தனியாக ஒருநாள் போய் வர வேண்டும். பிள்ளைகள் உயரத்துக்குக் குனிந்து பார். பெரியவர்களுக்குத் தெரிகிற பாதிப் பொருள் அவர்கள் கண்ணுக்கு எட்டாது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே, அருங்காட்சியகம் சுற்றிப் பார்ப்பதில் வரும் அலுப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டியையும் குறிப்பையும் பார்க்க ஒரு ஆள் எப்படியெல்லாம் வளைகிறார், மண்டி போடுகிறார் என்று படம் எடுத்தே போட்டிருந்தார். வளர்ந்த மனிதருக்கே அந்தப் பாடு.

பொருளின் முன்னால் உட்காரவைத்துவிட்டு நீ பேசாதே. உனக்கு அது கஷ்டம், தெரியும். உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் அருங்காட்சியகக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைனும் ஓவியம் பார்ப்பதற்காக வகுத்த மூன்று கேள்விகள் உண்டு: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? இரண்டாவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் கையைத் தூக்கி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாளே கழிப்பறை எங்கே, சாப்பாடு எத்தனை மணிக்கு, கடையில் ஏதாவது வாங்கலாமா கூடாதா, எல்லாவற்றையும் சொல்லிவிடு. வாசலின் படத்தையும் காட்டு. ஜான் ஃபாக்கும் உடனிருந்தவர்களும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது: இடம் அடியோடு புதிதாக இருந்தால் பிள்ளைகளின் கவனம் இடத்துக்கே போய்விடுகிறது, பாடம் ஏறுவதில்லை. நாம் அதைக் குறும்பு என்று திட்டிக்கொண்டிருப்போம்.

குழு வருவதை முன்கூட்டியே எழுதிச் சொல்லி, பதில் வாங்கி வைத்துக்கொள். வார விடுமுறை என்றைக்கு என்றும் கேள். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. நான் 40 பேரோடு பூட்டிய கதவின் முன்னால் நின்றிருக்கிறேன். அதை இப்போதுகூட அம்மா சொல்லிக்காட்டுவாள். பேனா வேண்டாம், பென்சில் கொடு. பேனாவை உள்ளே விடாத இடங்கள் உண்டு. சில அறைகள் ஏன் இருட்டாக இருக்கின்றன என்று கட்டாயம் கேட்பார்கள். பழைய துணி, ஓலை, காகிதமெல்லாம் வெளிச்சத்தில் நிறம் மங்கிவிடும். அதனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் 50-க்குமேல் விளக்கைக் கூட்டுவதில்லை. இதை நீ சொல்லிவிட்டால், ஃபிளாஷ் போடாதே என்று தனியாகக் கத்த வேண்டியிருக்காது.

கோட்டையை வேறொரு நாளுக்குத் தள்ளு. வெயில் ஏறுமுன் போய்விடு. படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, கைப்பிடிச் சுவர் இல்லாத இடமும் இருக்கும். 7 பேருக்கு ஒரு பெரியவர் என்று 5 பேர் வேண்டும். வண்டியில் ஏறும்போது, இறங்கும்போது, கழிப்பறை போய்வந்ததும் எண்ணு. எண்ணினேன் என்று ஒருவர் சொன்னாலும் நீ இன்னொரு தடவை எண்ணு.

கடைசி 20 நிமிஷம் எந்த வேலையும் வைக்காதே. பிடித்த பொருளிடம் திரும்பப் போய் நிற்கட்டும். அந்தப் பையனுக்கு நான் கொடுக்காதது அதுதான்.

மூன்றையும் முடிவு செய்ததும் படம் எடுத்து அனுப்பு. பானை ஓடு ஏதாவது இருந்தால் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் உற்றுப் பார்.

உன்
அப்பா