ஆறாம் தேதி ராத்திரியை எழுது, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய பேங்க் விளம்பரக் கதையை நேற்று உன் அத்தையும் நானும் சேர்ந்து படித்தோம். அப்பாவின் பழைய பட்டறை, மகன் கட்டிய பெரிய ஆலை, நடுவில் கைகொடுத்த பேங்க். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்பு ஆலைக்கு 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், அதனால்தான்.

உன் கதையில் வருகிற முதலாளி ஜெயித்து முடித்தவர். நான் பார்த்த நடுத்தரத் தொழில் முதலாளிகள் யாரும் தங்களை அப்படி நினைத்ததில்லை. 2025 ஏப்ரலில் வந்த அரசு வரம்புப்படி முதலீடு 125 கோடி, டர்ன்ஓவர் 500 கோடி வரை நடுத்தரம். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் சிறுதொழில் என்ற பெயர் போனதும் ஒரு பாதுகாப்பும் போய்விடுகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருஷச் சட்டம். எங்களுக்கு பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி, செய்து தருகிறவருக்கு நாங்கள் அப்படித்தான் தருகிறோம். நடுத்தரமாகிவிட்ட எங்களிடம் வாங்கும் பெரிய கம்பெனி 120 நாள் இழுத்தால், அந்தச் சட்டத்தைக் காட்டி நாங்கள் கேட்க முடியாது. 90 நாள் தாண்டிய பில்லை எங்கள் பேங்க் டிராயிங் பவரிலும், அதாவது சரக்கையும் வர வேண்டிய பில்லையும் பார்த்துக் கணக்குப் போடும் கடன் அளவிலும், சேர்ப்பதில்லை. பணமும் வராது, சி.சி. என்கிற சுழல்கடன் கணக்கில் எடுக்கிற அளவும் குறையும்.

ஏழாம் தேதி சம்பளம். கொழிஞ்சாம்பாறைக்காரர்கள், வாளையாறு தாண்டி மதுக்கரையிலிருந்து வருகிறவர்கள், ஒடிசாப் பையன்கள் என்று 240 பேர். ஆறாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு முதலாளி என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவார். "எவ்வளவுண்ணா குறையுது?" அதற்கு மேல் பேச்சில்லை. கணவாய்க் காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து போன் வந்தால் "கிளம்பிட்டேன்" என்பார். எழுந்திருக்க மாட்டார். அந்த வீடும் அடமானத்தில்தான் இருக்கிறது. ஜாமீன் தாளில் அவர் சம்சாரமும் கையெழுத்துப் போட்டாங்க. போட்ட பிறகும் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாங்க.

அப்படி ஒரு ராத்திரி கிளை மேனேஜர், திருச்சூர்க்கார அம்மா, தானாகவே போன் செய்தார். "அட்ஹாக் லிமிட்டுக்கு எழுதிட்டேன், காலையில பில் நகல் மட்டும் கொடுத்துவிடுங்க." வரம்புக்கு மேல் கொஞ்ச நாளுக்குத் தரும் கடன் அது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

இதை எழுது. பட்டறை வேண்டாம், வயலின் வேண்டாம். மேஜை, இரண்டு பேர், ஒரு போன். பேச்சும் நம்ம பக்கத்துத் தமிழாக இருக்கட்டும், நடுவில் மலையாளம் கலந்தால் கலக்கட்டும்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் பேங்க்காரர்களிடம் இரண்டு கேள். அந்த அம்மா மாற்றலாகிப் போனதும் புது மேனேஜருக்கு எங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இவர்கள் கணக்குக்கு நிலையாக ஒரு ஆளை வைப்பார்களா? பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை டிரெட்ஸ் என்கிற இணையதளத்தில் வட்டி கழித்து முன்கூட்டியே பணமாக்கலாம், அவர்கள் தராமல் போனாலும் நம் தலையில் விழாது. அதில் இவர்கள் பில் எடுக்கிறார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் இந்தக் கதையை அவர்களுக்குக் கொடுக்காதே. பார்த்து அழுதவர் மறுநாள் அந்தக் கிளை வாசலில் போய் நிற்பார், மாப்பிள்ளை.

வருகிற ஆறாம் தேதி இங்கே வா. கேமரா வேண்டாம். என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
மாமா