சொதி கொதிக்காமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் எங்கள் குறும்படத்துக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

படத்தின் கதை சின்னதுதான். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சொதிச் சாப்பாடு; சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கள் வேகும் குழம்பு. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தங்கையும் அதற்காக ஒரே அடுப்படியில் நிற்க வேண்டி வருகிறது. வசனம் குறைவு என்பதால் சமையல் உண்மையாக இருந்தே ஆக வேண்டும். விளம்பரப் படங்களில் பூசும் கிளிசரின், பசை எதுவும் வேண்டாம், இலையில் விழுவதெல்லாம் சாப்பிடக்கூடியதாகவே இருக்கட்டும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். சொன்னதோடு எங்கள் வேலை முடிந்தது; மீதியைச் சுமந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி ஆச்சிமாருக்கு. நாலு பேர் சாப்பிடும் சட்டிக்கு ஒரு பெரிய தேங்காய், 50 கிராம் பாசிப்பருப்பு என்று நீங்கள் போட்டுக் கொடுத்த கணக்கில்தான் படப்பிடிப்பு அட்டவணையே எழுதப்பட்டது. தேங்காயை மூன்று முறை பிழிந்து பால் எடுக்க வேண்டும். காய் வேகிறது மூன்றாம் பாலில். மசித்த பருப்பும், இஞ்சி பச்சை மிளகாய் அரைத்த விழுதும் சேர்கிறது இரண்டாம் பாலில். கெட்டியான முதல் பால் கடைசியில். அதை ஊற்றியபின் சட்டி தளதளவென்று கொதித்தால் பாலிலுள்ள புரதம் உறைந்து திரிதிரியாகும், எண்ணெய் தனியே மேலே மிதக்கும். அடுப்பை அணைக்காமல் எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் இதே கதிதான். நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பினாலும் குளோசப்பில் அத்தனையும் தெரியும்.

இப்படிப்பட்ட குழம்பிடம் ‘ஒன் மோர்’ கேட்க முடியாது. இறக்கியதைத் திரும்பச் சூடு பண்ணினால் திரிந்துவிடும். அதற்கு நீங்கள் கண்ட வழி, நாலு சட்டிகளை நாலு கட்டத்தில் நிறுத்தி வைப்பது: காய் மட்டும் வெந்தது, பருப்பு சேர்ந்தது, முதல் பாலுக்குக் காத்திருப்பது, முடிந்தது. நாலிலும் பீன்ஸ் ஒரே அங்குல நீளம், கேரட் ஒரே கனம். இல்லையென்றால் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையே காய் தானாக வளரும், குறையும். ஓரத்தில் நுரை கட்டியதும் ‘இறக்கு’ என்று ஆச்சி சொல்வார். இயக்குநரின் ‘கட்’ அதற்குப் பிறகுதான். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

சொதியில் மஞ்சள்தூள் இல்லை. வெளிறிய குழம்பு, சுற்றிலும் பளபளக்கும் பித்தளை. இரண்டையும் ஒரே ஃபிரேமில் வைத்தால் குழம்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். முன்விளக்கைக் குறைத்து, சட்டிக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு விளக்கைக் கொடுத்த லைட் அண்ணன்மாருக்கு நன்றி. ஆவி எழுவதும் அந்தப் பின்வெளிச்சத்தில்தான் தெரியும், அதுவும் பின்னணி இருட்டாக இருந்தால். வீட்டு டியூப்லைட்டைக் காட்சியில் விட்டுவைத்ததால் இன்னொரு சிக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் கோணத்தை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை முடிவு செய்வது) வழக்கமான 180 டிகிரியில் விட்டால் படத்தில் பட்டை ஓடும். 172.8 டிகிரிக்கு மாற்றினால் நின்றுவிடும்.

தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் செய்து கொடுத்த மதினிக்குத் தனியாக ஒரு வரி. தேங்காய்ப்பாலின் மந்தத்துக்கு அது மருந்து என்பது ஊரறிந்தது. வெள்ளைச் சோற்றுக்கும் வெள்ளைச் சொதிக்கும் பக்கத்தில் அந்தக் கறுத்த உருண்டை இல்லாவிட்டால் இலையே காட்சியில் நின்றிருக்காது.

இலைக்கடை அண்ணாச்சி விடியற்காலையில் அறுத்து ஈரத்துணியில் சுற்றி அனுப்பிய இலைகள் மாலைவரை வாடவில்லை. சுடுசோறு விழுந்த இடம் நிறம் மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் புது இலை வேண்டும். ‘இம்புட்டு இலையா?’ என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

தெருக்காரர்களே, ஒலிப்பதிவு நேரத்தில் மோட்டாரையும் மிக்சியையும் நிறுத்திப் பொறுத்துக்கொண்டீர்கள். அம்மி அரைபடுவதும் கடுகு வெடிப்பதும் தனியாகப் பதிவானவை. மைக்கை ஓரடி தள்ளிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர் மேலே பிடித்தால் ஆவியும் எண்ணெயும் உள்ளே போய்விடும். ஃபிரிட்ஜை நிறுத்தியவுடன் அதற்குள் வண்டிச் சாவியை ஏன் வைத்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். திரும்பப் போடாமல் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக ஒலிப்பதிவாளர்கள் செய்யும் பழைய ஏற்பாடு அது.

கடைசியாக, ஈயம் பூசிக் கொடுத்த பெரியவருக்கு. பரணில் கிடந்த சருவங்களை, அதாவது வாயகன்ற பித்தளைப் பாத்திரங்களை, தேய்த்துக் கழுவி, சூடேற்றி, நவச்சாரம் தூவி, பஞ்சுத்துணியால் ஓர் இழுப்பில் வெள்ளியாக்கினீர்கள். அந்தப் பூச்சு இல்லாத பித்தளையில் எலுமிச்சை பட்டால் களிம்பேறும், பிறகு யாரையும் சாப்பிடச் சொல்ல முடியாது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் காய விடாதே என்று நீங்கள் எச்சரித்ததால் தாளிப்புக் காட்சியை இரும்புக் கரண்டிக்கு மாற்றினோம். பூசிய வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சட்டி அந்தச் சூட்டைச் சீக்கிரமே தொட்டுவிடும்.

இரவல் வாங்கிய சருவங்களெல்லாம் அவரவர் வீட்டுக்கு வந்து சேரும். பூச்சு புதிது. உட்பக்கத்துக்குக் கம்பி நார் வேண்டாம், மெல்லிய துணியும் தேங்காய் நாரும் போதும். கிண்டுவதற்கு மர அகப்பையே போடுங்கள். அடியில் செம்மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் புளி, எலுமிச்சை சேர்ந்த எதையும் அதில் வைக்காமல் மறுபடி பூசக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
படக்குழுவினர்