பால் ஊற்றும் இடத்திலேயே பி.பி. பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரிமங்கலம் வட்டத்தில் ஒரு கிராமப் பால் கூட்டுறவு சங்கத்தில் 22 ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். விடிகாலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ஏழு மணி வரை ஊரே எங்கள் வாசலில் நிற்கும். யார் வீட்டு மாடு சினை, யார் வீட்டில் கறவை வற்றிவிட்டது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாலின் கொழுப்பு அளவு, அதாவது ஃபேட், 4.1 என்று சீட்டு வந்தால், "நேத்து 4.3 இருந்துச்சே, மிஷினைப் பாருங்க" என்று சண்டைக்கு வருவார்கள். அதே ஆட்களிடம் "உங்க பி.பி. எவ்வளவு?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிக்கிறார்கள். என் அண்ணனும் அப்படித்தான் இருந்தார்.

சென்ற ஆவணியில் ஒருநாள் காலை அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு மார்பைத் தேய்த்துக்கொண்டே, "நெஞ்சு கரிக்குதுடா, ராத்திரி தின்ன போண்டா செரிக்கல போல" என்றார். வயது 51. முகமெல்லாம் வியர்வை. சைக்கிள் மிதித்து வந்த வியர்வை என்று நினைத்தேன். "ஒரு சோடா குடிண்ணா" என்று சொல்லிச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினேன். சோடா குடித்தார், வீட்டில் ஓமத் தண்ணீர் குடித்தார், தக்காளிக்குத் தண்ணி கட்டப் போய்விட்டார். பதினொன்றரைக்கு வரப்பிலேயே சாய்ந்துவிட்டார் என்று அண்ணி ஓடி வந்தார். தருமபுரி அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. "வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டார். அண்ணன் சட்டைப் பையில் இருந்த பால் சீட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னேன்: காலை 6.12. அன்று மாலைப் பால் எடுக்கும் நேரத்துக்கு அவர் உயிரோடு இல்லை.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால், அந்தப் பக்கத்துத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் ஓரிரு மணி நேரத்தில் இருக்கிற பலன் போகப் போகக் குறைந்துவிடுகிறது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் உடனே கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் அது. எங்கள் ஊரிலிருந்து சுகாதார நிலையம் நான்கு கிலோமீட்டர்தான். ஆறே காலுக்கே 108-ஐக் கூப்பிட்டிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. வியர்வையோடு நெஞ்சு அழுத்தினாலும் கரித்தாலும், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினாலும், அதை வாயு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் சில சமயம் வலியே இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவும் அசதியாகவும் வருமாம்.

ஆனால் அண்ணனின் நோய் அன்று காலை வந்ததல்ல. இரண்டு வருடம் முன்பு ஒரு கண் முகாமில் அவருக்கு பி.பி. அதிகம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் போட்டார். "தலை சுத்தல, ஒண்ணும் பண்ணல, எதுக்கு தெனமும் மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். ஒன்றும் பண்ணாமல் இருப்பதுதான் அதன் குணம். பால் கேனைச் சரியாகக் கழுவாவிட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். கையை விட்டால் வழவழவென்று இருக்கும். ஓயாத அழுத்தத்தில் ரத்தக்குழாயின் உட்சுவர் புண்பட்டு, கொழுப்பு அப்படித்தான் வருடக்கணக்கில் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாயை அடைத்துவிடுகிறது. அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடியும் சேர்ந்துகொண்டது. பீடியை விட்ட ஒரே வருடத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதை யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

பி.பி. ஏற உப்பும் ஒரு காரணம்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும். நாங்கள் ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று ஒரு வேளையிலேயே அதை முடித்துவிடுகிறோம். ராகி விளைகிற மண் இது. 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தபோதும் நீலகிரியோடு எங்கள் மாவட்டத்தைத்தான் முதலில் எடுத்தார்கள். இருந்தும் மூன்று வேளையும் சோறுதான்.

தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. 2004 வரை நாங்கள் ஒரே மாவட்டம். எங்கள் பக்கத்தில் பிறந்த திட்டம் என்ற பெருமை எனக்கு உண்டு. என் அம்மாவுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் அந்தத் தன்னார்வலர் எங்கள் தெருவுக்கு வரும்போது மணி பத்தோ பதினொன்றோ ஆகிவிடும். அப்போது வீட்டில் இருப்பது பெண்களும் வயதானவர்களும்தான். முப்பதிலிருந்து அறுபது வயது ஆண்கள் ஓசூர் கம்பெனியில் இருப்பார்கள், பெங்களூருவில் சென்ட்ரிங் வேலையில் இருப்பார்கள், இல்லையென்றால் வயலில் இருப்பார்கள். ஊரில் இருக்கிற நாளில் அவர்கள் தவறாமல் வந்து நிற்கிற ஒரே இடம் பால் சங்கம்.

அண்ணனின் முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கைக்காசில் ஒரு டிஜிட்டல் பி.பி. மிஷின் வாங்கி சங்கத்தில் வைத்தேன். முதல் இரண்டு நாள் வந்தவர்களுக்கெல்லாம் அதிகமாகக் காட்டியது. கிராம சுகாதார செவிலியர் வந்து பார்த்துவிட்டு, "கேன் தூக்கி வந்த கையோட பாத்தா அப்படித்தாங்க வரும்" என்றார். பீடியோ டீயோ குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். ஒரு தடவை ஏறினால் போதாது. வேறு நாளிலும் 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் அனுப்பச் சொன்னார். அப்படிப் பார்த்ததில் என் சித்தப்பா மகனுக்கு இரண்டு நாளும் 170-க்கு மேல் காட்டியது. வயது 38. இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். அளவு இறங்கிய பிறகும் நிறுத்தாமல் சாப்பிடுகிறான்.

ஒரு செயலாளர் ஒரு ஊரில் செய்வது போதாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களும் சுகாதாரத் துறையும் ஆவின் ஒன்றியமும் சேர்ந்து ஒவ்வொரு பால் சங்கத்துக்கும் ஒரு பி.பி. மிஷின் தர வேண்டும். பால் அட்டையிலேயே பி.பி.க்கு ஒரு கட்டம் அச்சடிக்கலாம். மாதம் ஒருநாள் மட்டும் செவிலியர் காலை ஆறு மணிக்கு வந்தால் சர்க்கரையும் பார்த்துவிடலாம். எங்கள் சங்கம் காலை 5.30 முதல் 7 வரையும், மாலை 4 முதல் 5.30 வரையும் திறந்திருக்கும். உட்கார பெஞ்சு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பால் கூட்டுறவு சங்கச் செயலாளர் ஒருவர்,
காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.